பழைய 'சிட்டி' கார் வாங்கப் போறீங்களா? சீட் பெல்ட்டை முழுசா இழுத்துப் பாருங்க!

வேளச்சேரி வெள்ளத்தில் மூழ்கிய கார், குரோம்பேட்டையில் 'சிங்கிள் ஓனர்' ஆன கதை

சென்னை,

"பேப்பர் எல்லாம் கிளீன். ஒரே ஓனர். அதுவும் டாக்டர் வண்டி சார்!"

புரோக்கர் சொன்ன இந்த வார்த்தையை நம்பி, குரோம்பேட்டையைச் சேர்ந்த ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர் 2024-ம் ஆண்டு மே மாதம் பழைய 'ஹோண்டா சிட்டி' கார் ஒன்றை வாங்கினார். 2014 மாடல், பெட்ரோல் வண்டி. விலை ரூ.3 லட்சத்து 60 ஆயிரம். பாதி சீட்டுப் பணம். மீதி, மனைவியின் வளையல்.

ஜம்பத்துக்கு வாங்கிய கார் அல்ல. அவருடைய தகப்பனாருக்கு வாரம் மூன்று தடவை 'டயாலிசிஸ்'. போகும்போது ஆட்டோ போதும். திரும்பும்போது பெரியவரால் உட்கார முடியாது. காலை நீட்டிச் சாய்ந்து வர இடம் உள்ள கார் வேண்டும் என்று தேடினார். சிட்டி காரின் பின் சீட்டு அதற்குத் தோதாக இருந்தது.

அப்போது அக்னி நட்சத்திர வெயில். ஏ.சி.யைப் போட்டதும் ஜில்லென்று காற்று வந்தது. உள்ளே கமகமவென்று சென்ட் வாசனை. சீட் கவர், கம்பளம் எல்லாம் புத்தம் புதுசு. ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார். என்ஜின் ஓடுகிற சத்தமே தெரியவில்லை. அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.

ஐந்து மாதம் ஒரு குறையும் இல்லை. பெரியவரும் மகனைப் பார்த்து, "நல்ல வண்டிடா" என்றார்.

அக்டோபரில் மழை பிடித்தது.

நடுரோட்டில் நின்றது

முதலில் இடது பக்கத்துக் கண்ணாடி தானாக இறங்கியது. பிறகு ஹாரன் மக்கர் செய்தது. நினைத்தால் அடிக்கும், இல்லாவிட்டால் இல்லை.

ஒரு நாள் இரவு 9 மணி. சிகிச்சை முடிந்து தகப்பனாரை ஏற்றிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் பல்லாவரம் அருகே வந்தபோது மீட்டர் போர்டில் இருந்த விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. வண்டி நின்றுவிட்டது. கொட்டுகிற மழை. பெரியவரை இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்துப்போய் டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

மறுநாள் வந்த மெக்கானிக் பானெட்டைத் திறக்கவே இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணே, வாங்குறப்போ சீட் பெல்ட்டை முழுசா இழுத்துப் பாத்தீங்களா?"

இழுத்தார்கள். முன்பகுதி கறுப்பாக, சுத்தமாக இருந்தது. கடைசி ஒரு முழம் காப்பித்தூள் நிறம்! புதுக் கம்பளத்தைத் தூக்கினால் அடியில் காய்ந்த சேறு பாளம் பாளமாக இருந்தது.

"இது தண்ணி பாத்த வண்டிண்ணே. ஸ்டீயரிங் வரைக்கும் முழுகி இருக்கு" என்றார் மெக்கானிக். ஜெராக்ஸ் கடைக்காரருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. ஆர்.சி. கார்டில் பழைய ஓனரின் விலாசம் வேளச்சேரி!

பொய்யே சொல்லவில்லை

2023-ம் ஆண்டு டிசம்பரில் 'மிக்ஜம்' புயல் மழை வந்தபோது, பள்ளிக்கரணையில் அடுக்குமாடி வீட்டு வளாகத்தில் நின்ற கார்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதிக்கொண்டு மிதந்து போனதை ஊரே பார்த்தது. வேளச்சேரியிலும் இடுப்பளவு தண்ணீர். அந்த அனுபவத்தால்தான் 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிவாசிகள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தினார்கள்.

ஆர்.சி.யில் இருந்த டாக்டரைத் தேடிப் பிடித்து விசாரித்தபோது உண்மை வெளிவந்தது. அவர் கூறியதாவது:-

"கார் ரெண்டு நாள் தண்ணியில நின்னுது. இன்சூரன்ஸ்ல 'டோட்டல் லாஸ்'னு முடிச்சுட்டாங்க. பாரத்தில கையெழுத்து கேட்டாங்க, போட்டுக் கொடுத்தேன். காயலான் கடைக்குத்தான் போகும்னு நெனச்சேன். அது ஓடிக்கிட்டு இருக்குன்னு நீங்க சொல்லித்தான் தெரியும்."

விஷயம் இதுதான். பாலிசியில் குறிப்பிட்ட மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் ரிப்பேர் செலவு வந்தால், இன்சூரன்சில் 'முழு நஷ்டம்' என்று கணக்கு முடிப்பார்கள். பத்து வருஷக் காருக்கு மதிப்பே குறைவு. வயரிங், சீட்டு, கம்ப்யூட்டர் பெட்டி என்று கூட்டினால் சீக்கிரம் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். அந்தக் காரை ஏலத்தில் அடிமாட்டு விலைக்கு எடுப்பார்கள். 29, 30-ம் நம்பர் பாரங்களில் பழைய ஓனரின் கையெழுத்து இருக்கும். வாங்குபவர் பெயர் காலியாக இருக்கும். கழுவி, காய வைத்து, சீட் கவர் மாட்டி, வெயில் காலம் வரும் வரை காத்திருந்து விற்றால் ஆர்.சி.யில் இன்னும் 'ஒரே ஓனர்'தான்.

டாக்டர் வண்டி என்பதும் உண்மை. பேப்பர் கிளீன் என்பதும் உண்மை. பலே புரோக்கர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை!

வைத்திருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

அப்படியானால் பழைய சிட்டி கார் வாங்கவே கூடாதா? வைத்திருப்பவர்களிடம் கேட்டால் அடித்துச் சொல்கிறார்கள்: "வண்டியில குத்தம் இல்லை."

இந்தியாவில் இந்தக் கார் 1998-ல் விற்பனைக்கு வந்தது. ஜப்பான் கார் என்று பெயர். பிறந்தது உத்தரப்பிரதேசத்தில், கிரேட்டர் நொய்டா தொழிற்சாலையில். 2020 டிசம்பரில் அங்கே உற்பத்தி நின்று, ராஜஸ்தான் மாநிலம் தபுகராவுக்குப் போய்விட்டது.

கோட்டூர்புரத்தில் வசிக்கும் ஓய்வு பெற்ற பாங்கி அதிகாரி ஒருவர் 2004 மாடல் வைத்திருக்கிறார். 2019-ல் ஒரு தடவை, 2024-ல் ஒரு தடவை எப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்துவிட்டார். அவர் சொல்கிறார்:-

"77 குதிரை சக்திதான். பசங்க பாட்டி வண்டின்னு கேலி பண்ணுவாங்க. ஆனா பெட்ரோலை மோந்து பாத்தே ஓடும் சார். ஒரே தொல்லை, நாலு சிலிண்டருக்கு எட்டு பிளக். பின்னாடி இருக்கிற நாலும் லேசில் கைக்கு எட்டாது. முன்னாடி நாலை மாத்திட்டு எட்டுக்கும் பில் போட்டுட்டான் ஒருத்தன். இப்பல்லாம் கழட்டின பழைய பிளக்கை எண்ணி வாங்கிக்கிட்டுத்தான் காசு கொடுப்பேன்."

2015 டிசம்பர் வெள்ளத்தில் அவருடைய காரும் பம்பர் வரை தண்ணீரில் நின்றது. "பக்கத்து வீட்டுக்காரர் தண்ணி வடிஞ்சதும் சாவியைப் போட்டுத் திருகினார். என்ஜின் போச்சு. நான் சாவியைத் தொடவே இல்லை. கட்டி இழுத்துக்கிட்டுப் போய், எட்டு பிளக்கையும் கழட்டி, தண்ணியை வெளியேத்தி, ஆயிலை மூணு தடவை மாத்தினோம். அதனாலதான் இது இருக்கு" என்றார்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் மேலே போக வழியில்லாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். என்ஜினுக்கென்று தனியாகப் பணம் கட்டாத பாலிசியில் இதற்குப் பெரும்பாலும் காசு கிடைப்பதில்லை.

சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் வாலிபரிடம் இருப்பது 2011 மாடல். 1,500 சி.சி., 118 குதிரை சக்தி. "மிதிச்சா பறக்கும். ஆனா நாலு பேர் ஏறிட்டா ஸ்பீடு பிரேக்கர்ல அடி தட்டும். எங்க தெரு பிரேக்கரை நான் சாய்ச்சுத்தான் ஏத்துவேன்" என்கிறார்.

2014 ஜனவரியில்தான் சிட்டியில் முதன்முதலாக டீசல் வந்தது. அம்பத்தூரைச் சேர்ந்த ஜவுளி வியாபாரி ஒருவர் அதை வாங்கி, வாரம் ஒரு தடவை ஈரோடு போய் வருகிறார். "லிட்டருக்கு இருபதுக்குக் குறையாது. ஆனா உள்ளே உக்காந்து போன்ல பேச முடியாது, அவ்வளவு சத்தம்" என்கிறார். உள்ளூரிலேயே சுற்றுகிறவர்களுக்கு டீசல் எதற்கு என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்விதான்.

அண்ணா நகர் பல் டாக்டர் அம்மா ஒருவர் கியர் போடத் தேவையில்லாத 'சி.வி.டி.' வண்டி ஓட்டுகிறார். டிராபிக்கில் கால் வலி இல்லை. முந்துவதற்கு மிதித்தால் மட்டும் சத்தம் முதலில் வரும், வேகம் பிறகு வரும் என்கிறார். இந்த வகை வாங்குபவர்கள் கியர் பெட்டி ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு கேட்க வேண்டும். பில் இல்லை என்றால் பேரத்தைக் குறைக்கலாம். இல்லாவிட்டால் நடையைக் கட்டலாம்.

எங்கே பார்ப்பது?

பல்லாவரம் மெக்கானிக்கிடம் தண்ணீர் பார்த்த வண்டியைக் கண்டுபிடிக்கும் வித்தை பற்றிக் கேட்டபோது, ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் கூறியதாவது:-

"எல்லாரும் என்ஜினைப் பாக்குறாங்க. என்ஜினை ஒரே நாள்ல கழுவிடலாம். வயரைக் கழுவ முடியாது. செம்பு வயர்ல சேத்துத் தண்ணி எறங்கி, பச்சை பூத்து, ஆறு மாசம் கழிச்சுத்தான் வேலையைக் காட்டும். டிக்கியில ஸ்டெப்னியைத் தூக்கி அடியில கையை விட்டுப் பாருங்க, மண்ணு ஒட்டும். சீட்டு போல்ட்டு துரு ஏறி இருக்கான்னு பாருங்க. மேலே மழை பேஞ்சு சீட்டு போல்ட்டு துருப்பிடிக்காது இல்லையா? பத்து வருஷ வண்டியில கம்பளம் மட்டும் புதுசுன்னா ஏன் புதுசுன்னு கேளுங்க. ரொம்ப வாசனையா இருந்தா அதுதான் சந்தேகம்.

"முக்கியமா ஒண்ணு. சாவியைப் போட்டதும் ஏர் பேக் விளக்கு சில நொடி எரிஞ்சு அணையணும். எரியவே இல்லைன்னா பல்பைக் கழட்டி இருக்கான்னு அர்த்தம். ஏர் பேக் பெட்டி தரையோட இருக்கும். தண்ணி வந்தா முதல்ல சாகுறது அதுதான். வண்டி ஓடும். மோதினா பை விரியாது."

குரோம்பேட்டை காரிலும் அந்த விளக்கு எரியவில்லை! ஐந்து மாதமாக மகனும் தகப்பனாரும் அப்படித்தான் போய் வந்திருக்கிறார்கள்.

இன்சூரன்ஸ் பாலிசியே ஒரு சாட்சி. விபத்துப் பணம் கேட்காத ஒவ்வொரு வருஷத்துக்கும் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று சலுகை ஏறும். ஒரு தடவை பணம் வாங்கினால் சலுகை பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். ஆகவே இந்த வருஷப் பாலிசி மட்டும் போதாது. 2015, 2023 வெள்ளத்துக்கு அடுத்து வந்த பாலிசியையும் கேட்க வேண்டும். ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்டபோது, "பழைய பாலிசி லேப்ஸ் ஆயிடுச்சு சார், புதுசு போட்டுத் தர்றேன்" என்று பதில் வந்தது. அது உதவி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

2012, 2013 மாடல்களை வாங்குவோருக்கு இன்னொரு சோதனை உண்டு. 'டகாட்டா' கம்பெனி ஏர் பேக் பாகத்தை இலவசமாக மாற்றித் தருவதாக ஹோண்டா நிறுவனமே அந்த ஆண்டுக் கார்கள் பலவற்றைத் திரும்ப அழைத்தது. சேசிஸ் நம்பரைக் கொடுத்து, மாற்றியாகிவிட்டதா என்று கம்பெனியில் கேட்டுக்கொள்ளலாம்.

டெல்லி வண்டி மலிவு என்று போவோரும் உண்டு. 10 வருஷ டீசல், 15 வருஷப் பெட்ரோல் வண்டிகள் அங்கே ஓடக்கூடாது என்ற உத்தரவை 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தபின், பல கார்கள் தெற்கே வந்தன. தடையில்லாச் சான்று, இங்கே புது நம்பர், ஆயுள் வரி எல்லாம் கூட்டினால் மலிவு கரைந்துவிடும்.

விற்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ, விபத்து நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லி இருக்கிறது. காலிப் பாரத்தில் கையெழுத்துப் போட்ட வேளச்சேரி டாக்டர், இதைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

ஒட்டிய காகிதம்

புரோக்கரிடம் போய் நியாயம் கேட்டபோது, "நீங்க ஓட்டிப் பாத்துத்தானே சார் வாங்குனீங்க?" என்று கையை விரித்துவிட்டார். எழுத்தில் ஒரு வரியும் வாங்கி வைக்காததால், அதற்கு மேல் பேச முடியவில்லை.

புதுப்பேட்டையில் அலைந்து வயரிங் செட் வாங்கி மாட்டினார் ஜெராக்ஸ் கடைக்காரர். ஏர் பேக் பெட்டியை மட்டும் புதிதாகவே வாங்கினார். மொத்தம் ரூ.85 ஆயிரம் செலவு. அதன்பிறகு வண்டி எங்கும் நிற்கவில்லை. 2025 ஜூன் வரை, பெரியவர் காலமாகும் வரை, அந்தப் பின் சீட்டில்தான் போய் வந்தார்.

இப்போது கார் தேவையில்லை. தாம்பரத்தில் இருந்து குடும்பத்தோடு ஒருவர் வந்தார். கார் பிடித்துவிட்டது. ரூ.2 லட்சத்து 70 ஆயிரத்துக்குப் பேசி, அட்வான்சை எண்ண ஆரம்பித்தார்.

வாசலில் நின்ற மனைவி, "ஏங்க, சொல்லிட்டீங்களா?" என்றார்.

ஜெராக்ஸ் கடைக்காரர் கதவைத் திறந்து சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துக் காட்டினார். வந்தவர் ஒரு நிமிஷம் பார்த்தார். "வீட்ல கலந்துக்கிட்டு வர்றேன் சார்" என்று பணத்தைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் உள்ளவர்கள் எல்லாம் பக்கத்தில்தான் நின்றார்கள்.

அவர் திரும்பி வரவில்லை. கார் கடை வாசலில்தான் நிற்கிறது. பின் கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று ஒட்டிய காகிதம், அவர் கடையிலேயே ஜெராக்ஸ் எடுத்தது, வெயிலில் வெளுத்துவிட்டது. போன வாரம் புதுசாக ஒன்று எடுத்து ஒட்டினார். அதில் ஒரு வரி கூடுதலாக இருக்கிறது: '2023 வெள்ளத்தில் மூழ்கியது. ரிப்பேர் பில் உண்டு.'