கிட்டாருக்கு மரப்பெட்டி, வில்லுக்கு மண்குடம்: நாஞ்சில் நாட்டு வில்லிசைக் கருவியில் சத்தம் எப்படி வருது?

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கோயில் கொடை. நேரம் நள்ளிரவைத் தாண்டிவிட்டது. சாமி கதை பாதியில் இருக்கிறது, முன்வரிசையில் பாதிப் பேர் தூங்கி வழிகிறார்கள். திடீரென்று புலவர் கையில் இருக்கும் கோலை ஓங்கி நாணில் போடுகிறார். மணிகள் மொத்தமும் 'ஜல்' என்று குலுங்க, தூங்கினவங்க நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

அந்த ஒரு அடியில் அப்படி என்னதான் இருக்கு? கையால் செய்த ஒரு நல்ல கிட்டாரின் விலை லட்சங்களைத் தொடும். அதன் மரம், கம்பி, ஒலி பற்றி உலகமே பேசுகிறது. நம்ம ஊர் வில்லுக்குள்ளும் அதே அறிவியல்தான் ஒளிந்திருக்கிறது. வாங்க, பார்க்கலாம்.

கம்பி மட்டும் போதாதா?

போதாது. ஒரு கம்பியைச் சுவரில் இரண்டு ஆணிக்கு நடுவே இழுத்துக் கட்டித் தட்டிப் பாருங்கள். சத்தம் பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. காரணம், மெல்லிய கம்பியால் கொஞ்சம் காற்றைத்தான் அசைக்க முடியும். அந்த அதிர்வை வாங்கிப் பெரிதாக்க ஓர் உடல் வேண்டும்.

கிட்டாரில் அந்த வேலையைச் செய்வது முன்பலகை. கிளாசிக்கல் கிட்டாரில் இது சுமார் 2 மில்லிமீட்டர் கனமே உள்ள, எடை குறைந்த மரப்பலகை. இதை நிரூபிக்க ஸ்பெயினைச் சேர்ந்த அந்தோனியோ தெ தோர்ரெஸ் என்ற கைவினைஞர் 1862-ல் ஒரு வேலை செய்தார். முன்பலகையை மரத்தில் செய்துவிட்டு, பக்கங்களையும் பின்பகுதியையும் அட்டையில் செய்தார். அந்த அட்டை கிட்டார் இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. உலகம் முழுக்கப் பல கிட்டார்களின் பின்பலகைக்குப் போவது, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம்!

வில் எதில் செய்கிறார்கள்?

வில்லிசையின் வில் சாதாரண அம்பு விடும் வில் இல்லை. பெரும்பாலும் 10 அடிக்கு மேல் நீளம் இருக்கும். மரபாக இதற்குப் பயன்படுவது முற்றிய பனை.

இங்கேதான் ஒரு சுவாரசியம். தேக்கு, ஈட்டி மாதிரி மரங்களில் வைரம் நடுவில் இருக்கும். பனையில் நேர் எதிர். நடுவில் மெத்தென்ற சோறு, வெளிப்பக்கம்தான் கறுத்து, நார் நாராக இறுகி வைரம் பாய்ந்திருக்கும். அந்த வெளிப்பகுதியில் இருந்துதான் வில்லுக்கான சட்டம் எடுக்க வேண்டும். அதைச் செதுக்கி இழைக்கும்போது நார் அறுபட்டுப் போனால், வளைக்கையில் அந்த இடத்திலேயே பிளந்துவிடும். ரொம்பத் தடிமனாக விட்டாலோ வளையாது. இந்த அளவு கை சொல்ல வேண்டியது, டேப் சொல்லாது.

வளைந்த வில்லின் இரு முனைகளையும் இழுத்துப் பிடிப்பது நாண். பழைய வழக்கப்படி இது முறுக்கிய தோல் கயிறு. வில்லில் வரிசையாக மணிகள் தொங்கும். நாணை அடிக்கும் கோலுக்கு 'வீசுகோல்' என்று பெயர்.

குடம் எதற்கு?

வில்லின் முதுகு ஒரு மண்குடத்தின் கழுத்தில் படும்படி சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். குடம் உருளாமல் இருக்க அடியில் புரிமணை. குடக்காரர் ஒரு கையால் தட்டையான மட்டையைக் கொண்டு குடத்தின் வாயில் அடிப்பார், மறு கையால் குடத்தின் பக்கத்தைத் தட்டுவார்.

வாயில் அடிக்கும்போது வரும் 'கும்' சத்தம் மண்ணின் சத்தம் இல்லை. உள்ளே அடைபட்ட காற்று அமுங்கி விரியும் சத்தம். கிட்டாரின் வயிற்றில் இருக்கும் வட்டத் துளையிலும் இதே கதைதான். குடம் பெரிதானால் சத்தம் இன்னும் கனமாக இறங்கும், வாய் அகலமானால் கொஞ்சம் ஏறும். சரியாக வேகாத குடமோ, கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்த குடமோ 'டங்' என்று சொல்லாமல் 'டப்' என்று சொல்லிவிடும். கடையில் பாட்டிமார் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவது இதற்காகத்தான்.

அப்போ, வீசுகோல் ஒருமுறை விழுந்தால் என்ன நடக்கிறது? நாண் அதிர்கிறது, அந்த அதிர்வில் வில் குலுங்கி மணிகள் ஒலிக்கின்றன, கூடவே குடத்தின் 'கும்' சேர்கிறது. இதோடு உடுக்கை, தாளம், கட்டை. கிட்டார் ராகம் வாசிக்கும் கருவி. வில் அப்படியல்ல, கதை சொல்பவரின் மூச்சுக்கு ஏற்பத் தாளம் கொடுக்கும் கருவி.

இப்போ என்ன சிக்கல்?

நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் இந்தக் கலையை நகரத்து மேடைக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர். வில்லிசை வேந்தர் சுப்பு ஆறுமுகத்துக்கு 2021-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது, அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். கன்னியாகுமரி மாவட்டத்தின் பெயர்பெற்ற பெண் கலைஞர் பூங்கனி 2018-ல் காலமானார்.

பாடுபவர்களைப் பற்றியாவது செய்தி வருகிறது. கருவி செய்யும் கைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு வில்லுக்குப் பின்னால் பனையை அறிந்த தச்சர், தோல் வேலை தெரிந்தவர், மண்குடம் சுடும் குயவர் என்று குறைந்தது மூன்று தொழில்கள் இருக்கின்றன. இதில் ஒன்று நின்றாலும் மற்ற இரண்டும் தனியாகக் கருவியாக முடியாது. கொடை சீசன் முடிந்தால் மேடையும் குறைவு, அதனால் புது வில்லுக்கான தேவையும் குறைவு.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. மரத்தைக் காக்க இது உதவும். ஆனால் எந்த மரத்தில் எந்தப் பக்கம் வில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் கண்ணை அரசாணையால் காப்பாற்ற முடியாது. அது ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருத்தர் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம்.

அடுத்த முறை கொடைக்குப் போனால், பாட்டு ஆரம்பிக்கும் முன் கொஞ்சம் முன்னால் போய் அந்த வில்லைப் பாருங்கள். முடிந்தால், 'இதைச் செஞ்சது யாரு அண்ணாச்சி?' என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பெயரை ஊரில் நாலு பேர் தெரிந்து வைத்திருந்தால்தான், அவரிடம் அடுத்த வில்லுக்குச் சொல்ல ஆள் வரும்.