போட்டிக் கைத்துப்பாக்கியில் இரு சுருள்வில்களின் இயைபு
ஜான் பிரவுனிங் வடிவமைத்த எம்1911 கைத்துப்பாக்கியில், சுத்தியலை இயக்கும் முதன்மைச் சுருள்வில்லின் வழக்கமான அளவு 23 பவுண்டு. ஸ்லைடை முன்னிலைக்கு மீட்கும் சுருள்வில்லுக்கு 16 பவுண்டு. விசையை எளிதில் இழுக்கும்பொருட்டு, போட்டியாளர் சிலர் முன்னதை 19 பவுண்டாகக் குறைப்பர். சுத்தியலின் (பழைய தமிழ் வழக்கில் இது ‘குதிரை’) அடி மெலிந்தால், கடினமான பிரைமர் பற்றாது போகலாம் என்பது பலரும் அறிந்தது. மற்றொரு விளைவே கூடுதல் கவனத்திற்குரியது. பின்னோக்கி விரையும் ஸ்லைடே சுத்தியலை மடக்கி ஏற்றுவதால், முதன்மைச் சுருள்வில்லும் அதற்கொரு தடையாகும். அத்தடை குறையின், ஸ்லைடு விரைந்து வந்து சட்டத்தில் வலுவாக மோதும். எனவே ஒன்றை மாற்றுவோர் மற்றதையும் உடன் சோதித்தல் வேண்டும். மீட்புச் சுருள்வில்லை மிகவும் வலிதாக்கினாலோ, ஸ்லைடு முழுதும் பின்செல்லாது வெற்றுறை சிக்கக்கூடும். முன்மீளும் வேகத்தில் குழல்முனையும் தாழும்.