மண்ணின் பிடியைத் தளர்த்தும் களிமண்

2021 செப்டம்பரில், கன்டோன்மென்ட் பக்கமிருந்து பூமிக்கடியில் குடைந்து வந்த 'ஊர்ஜா' என்னும் மெட்ரோ இயந்திரம் நம் சிவாஜிநகரில் வெளிப்பட்டது. "அவ்வளவு பெரிய இரும்பு உருளை மண்ணுக்குள் சிக்கிக்கொள்ளாதா?" என்று சங்க நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. ரயில் பாதைக்கடியில் குழாய் தள்ளும் வேலையில் பழகியவன் என்ற முறையில், தெரிந்ததைச் சொல்கிறேன்.

மெட்ரோ சுரங்கத்தில் நகர்வது இயந்திரம் மட்டுமே. அதன் பின்னால் பொருத்தும் கான்கிரீட் வளையங்கள் அங்கேயே நின்றுவிடும். சாலையை வெட்டாமல் சாக்கடைக் குழாய் பதிப்பது அப்படியல்ல. ஒரு குழிக்குள் ஜாக்கிகளை வைத்துத் தள்ளும்போது, கோத்த குழாய்கள் அத்தனையும் சேர்ந்து நகர வேண்டும். நீளம் கூடக்கூட உராய்வும் கூடும்.

வெளிவிட்டம் 1.2 மீட்டர், நீளம் 100 மீட்டர் என்றால், மண்ணைத் தொடும் பரப்பு சுமார் 377 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 1 டன் உராய்வு என்று வைத்துக்கொண்டால், அதற்கு மட்டும் 377 டன் விசை வேண்டும். ஜாக்கி தாங்கினாலும் குழாய் நொறுங்கக்கூடும்.

இதற்கு வழி, முன்னால் செல்லும் கவசத்தைக் குழாயைவிடச் சற்றுப் பெரிதாக அமைப்பது. குழாயைச் சுற்றிக் கிடைக்கும் சிறு இடைவெளியில் பென்டோனைட் களிமண் கரைசலைச் செலுத்துவார்கள். குஜராத்தின் கச்சுப் பகுதியில் கிடைக்கும் இக்களிமண் நீரில் ஊறி உப்பும். கலக்கினால் கூழாக இளகும், அசையாவிட்டால் இறுகும். அது மண் சரியாமல் தாங்கும். குழாயும் வழுக்கிச் செல்லும். உராய்வு மூன்றில் ஒரு பங்கானால் 126 டன் போதும்.

ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை என்று தள்ளுவதை நிறுத்திவிட்டோம். திங்கள் காலை குழாய் அசையவில்லை. அவசரப்பட்டு விசையைக் கூட்டினோம். ஒரு குழாயின் விளிம்பு உடைந்தது. மேலே ரயில் ஓடுகிறது. தோண்டி எடுக்கவும் முடியாது. கரைசலை மெல்லச் செலுத்தி, அரைநாள் பொறுத்த பிறகே நகர்ந்தது. தொடங்கினால் இரவு பகலாகத் தள்ளி முடிப்பது ஏன் என்று அன்று புரிந்தது.

வேலை முடிந்ததும் அந்த இடைவெளியைச் சிமென்ட் கரைசலால் நிரப்ப வேண்டும். விட்டுவிட்டால் நாளடைவில் சாலை உள்வாங்கும். பழைய வீட்டுச் சுவர்களில் விரிசல் விழும். ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றியுள்ளவை போன்ற நெருக்கமான தெருக்களில் இது சின்ன விஷயமல்ல. உங்கள் தெருவில் இத்தகைய வேலை நடந்தால், "இடைவெளியை அடைத்தாகிவிட்டதா?" என்று பொறியாளரிடம் தயங்காமல் கேளுங்கள்.