கல்லைக் குறைத்துக் கட்டிய கல்வீடு

பழைய ஆங்கிலேயக் கல்வீடு என்றதும் தடித்த சுவரும் குறுகிய சன்னல்களும்தான் நினைவுக்கு வரும். டெர்பிஷயரில் குன்றின்மேல் நிற்கும் ஹார்ட்விக் ஹால் இதற்கு நேர்மாறு. மணற்கல் வீடுதான், ஆனால் முகப்பில் கண்ணில் படுவதெல்லாம் கண்ணாடி.

கட்டியவர் ‘பெஸ் ஆஃப் ஹார்ட்விக்’ என்று பேர்பெற்ற எலிசபெத் சீமாட்டி. சிறு நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்து நான்கு முறை மணந்தவர். நான்காம் கணவரான ஷ்ரூஸ்பரி பிரபு 1590-இல் இறந்தபோது இவர் நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். வயதோ அறுபதைத் தாண்டியிருந்தது. பக்கத்திலேயே அவர் எழுப்பிக்கொண்டிருந்த மாளிகை முடியும் முன்பே புதியதற்குக் கடைக்கால் தோண்டிவிட்டார். 1597-இல் குடிபுகுந்தார்.

வரைபடம் ராபர்ட் ஸ்மித்சனுடையது என்பார்கள். கல் தச்சராகத் தொடங்கியவர் என்பதாலோ என்னவோ, கல்லை எங்கே விட்டுவிடலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கணப்படுப்புகளின் புகைபோக்கிகளைப் பெரும்பாலும் உட்சுவர்களுக்குள் தள்ளினார். அந்தச் சுமை நீங்கியதும் வெளிச்சுவரில் விரும்பிய அளவுக்குச் சன்னல் திறக்க முடிந்தது.

கண்ணாடி அன்று ஆடம்பரச் சரக்கு. பெரிய பலகையாகக் கிடைக்காது. சிறு துண்டுகளை ஈயப் பட்டையால் கோத்துத்தான் சன்னலாக்கினார்கள். கல், ஈயம், கண்ணாடி மூன்றுமே பெஸ்ஸின் சொந்த நிலங்களிலும் தொழில்களிலும் கிடைத்தன. சும்மா இருப்பாரா?

மேலே போகப்போகச் சன்னல்கள் உயரமாகின்றன. கீழ்த்தளம் வேலைக்காரர்களுக்கு, நடுத்தளம் குடும்பத்துக்கு, மேல்தளம் பெரிய மனிதர்களை வரவேற்க. சுமார் 50 மீட்டர் நீளமுள்ள கூடமும் அங்கேதான். முகப்பு இருபுறமும் ஒன்றுபோல இருக்கவேண்டும் என்ற பிடிவாதத்தில் சில சன்னல்கள் வெறும் ஒப்புக்கு வைக்கப்பட்டவை. பின்னால் அறையே இல்லை, புகைபோக்கிதான்! ஆறு கோபுரங்களின் உச்சியிலும் எலிசபெத் ஷ்ரூஸ்பரி என்ற பெஸ்ஸின் முதலெழுத்துகளான ‘ஈ’, ‘எஸ்’ இரண்டும் கல்லில் நிற்கின்றன. அடக்கம் அவருக்குப் பிடித்த குணமல்ல.

அவருடைய வம்சத்தினரான டெவன்ஷயர் கோமகன்கள் சாட்ஸ்வொர்த் மாளிகையையே பெரிதும் விரும்பினார்கள். அதனால் ஹார்ட்விக்கை யாரும் காலத்துக்கேற்ப இடித்து மாற்றவில்லை. 1959-இல் அது மரபுச் சின்னங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்தது. பெஸ் ஆசைப்பட்ட வெளிச்சம் இன்று பராமரிப்பவர்களுக்குத் தலைவலி. பழைய துணிகளின் சாயத்தை அது தின்றுவிடுகிறது. நீண்ட கூடத்தில் விவிலிய வீரன் கிதியோனின் கதை சொல்லும் 13 சுவர்ச்சீலைகளையும் செப்பனிட்டு முடிக்க 24 ஆண்டுகள் பிடித்தன. கடைசிச் சீலை 2023-இல்தான் சுவருக்குத் திரும்பியது.