மைதானத்தில் ஒரு மாலைப் பொழுது

"தாத்தா, நாம கோட்டியா, பாங்காலா?"

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பேரன் புத்தகப் பையைக்கூட இறக்காமல் கேட்டான். திருநெல்வேலிக்காரனான எனக்குக் கோட்டி என்றால் பைத்தியம். வங்காளியிலோ, மேற்கு வங்கத்தில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர் கோட்டி. அவர் மோகன் பாகன் கட்சி. ஜெயித்தால் வீட்டில் இறால். கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர் பாங்கால். அவர் ஈஸ்ட் பெங்கால் கட்சி. ஜெயித்தால் இலிஷ் மீன். யார் ஜெயித்தாலும் நம் வீட்டில் தயிர் சாதம்தான். வகுப்பில் எல்லோரும் கையைத் தூக்க, இவன் மட்டும் இரண்டிலும் சேராமல் உட்கார்ந்திருந்தானாம்.

"வா, ஆட்டம் பார்க்கப் போவோம்" என்றேன்.

"உங்களுக்கு என்ன, கோட்டி பிடிச்சிருக்கா?" என்றாள் மனைவி. அவள் கோபத்துக்குக் காரணம் உண்டு. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் இவ்விரு கிளப்புகளும் ஆடியபோது கலவரம் மூண்டு, நெரிசலில் 16 பேர் இறந்தார்கள். இன்றும் அந்த நாளில் ரத்த தானம் செய்து அவர்களை நினைவுகூர்கிறார்கள். அன்று நானும் போவதாக இருந்தேன், டிக்கெட் கிடைக்கவில்லை. அதிலிருந்து எங்கள் வீட்டில் கால்பந்துக்குத் தடை.

"பெரிய ஆட்டம் இல்லை, சின்னக் கிளப் ஆட்டம்" என்று சமாதானம் சொன்னேன். காவலுக்கென்று அவளும் கூடவே கிளம்பினாள்.

காளிகாட்டில் மெட்ரோ ஏறி எஸ்பிளனேடில் இறங்கினோம். கொஞ்ச தூரம் நடந்தால் மைதானம். நகரத்தின் நடுவே இவ்வளவு வெட்டவெளி எப்படி வந்தது என்று பேரன் கேட்டான். 1756இல் சிராஜ் உத் தௌலா கல்கத்தாவைப் பிடித்த பிறகு, ஆங்கிலேயர்கள் புதிதாக வில்லியம் கோட்டையைக் கட்டினார்கள். பீரங்கிக் குண்டுக்கு எதுவும் மறைக்கக் கூடாதென்று சுற்றிலும் காட்டை வெட்டி வெளியாக்கினார்கள். குண்டு பறக்க விட்ட இடத்தில் பிற்பாடு பந்து பறந்தது! இடம் இன்றும் ராணுவத்தின் பொறுப்பில் இருப்பதால் நிரந்தரக் கட்டடம் எழுப்ப எளிதில் அனுமதி கிடைக்காது. அதனால்தான் கிளப்பின் இருப்பிடத்துக்கு இன்றும் 'டென்ட்' என்று பெயர்.

கல்கத்தா லீக் 1898இல் தொடங்கியது. பெரிய கிளப்புகளுக்குக் கீழே ஐந்தாம் டிவிஷன் வரை சின்னச் சின்ன கிளப்புகள் ஆடுகின்றன. இந்தச் சின்ன ஆட்டங்கள் பலவற்றுக்கு டிக்கெட்டே கிடையாது. வேலியோரம் நின்றால் ஆட்டக்காரன் மூச்சு வாங்குவதுகூடக் காதில் விழும்.

நாங்கள் போனபோது பாதி ஆட்டத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒருவரும் கலையவில்லை, குடைகள்தான் விரிந்தன. பேரன் கையில் ஜால்முரி, எங்கள் கையில் மண் கோப்பைத் தேநீர். சேற்றில் விழுந்து விழுந்து பந்தைப் பிடித்த கோல்கீப்பர் பையனைப் பார்த்து, "பாவம், யார் பெத்த பிள்ளையோ!" என்று உருகியவள், அவன் அடுத்த பந்தைத் தடுத்தபோது எல்லோருக்கும் முன்னால் கை தட்டினாள்.

பக்கத்தில் நின்ற முதியவர் பேச்சுக் கொடுத்தார். 1911 ஜூலை 29 அன்று மோகன் பாகன், ஒருவரைத் தவிர மற்றவர்கள் வெறுங்காலோடு ஆடி, ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்டை 2-1 என்று வென்று ஷீல்டு வாங்கிய கதையைச் சொன்னார். பேரனின் கேள்வியை நான் அவரிடம் சொன்னதும் சிரித்தார்.

"நான் பாங்கால். என் அப்பா ஊரையும் வீட்டையும் விட்டு வந்தவர். 1920இல் தொடங்கிய எங்கள் கிளப், 1947க்குப் பிறகு வந்த எங்களுக்கு இன்னொரு ஊரானது. அந்தக் கிளப்புக்கு 1949, 50, 51 என்று மூன்று வருடம் தொடர்ந்து ஷீல்டு வாங்கிக் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. பஞ்ச பாண்டவர் என்போம். ஐவரும் உங்கள் தென்னாட்டுக்காரர்கள்தான். அவர்களை யாரும் நீ கோட்டியா, பாங்காலா என்று கேட்கவில்லை."

திரும்பும்போது பேரன் சொன்னான்: "தாத்தா, நான் அந்த கோல்கீப்பர் கட்சி."

நம் சங்க அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். சமீப ஆண்டுகளில் லீக் ஜூன் கடைசியில் தொடங்குகிறது. கோடையின் புழுக்கமும் முதல் மழையும் சேர்ந்திருக்கும். குடை, தண்ணீர், குழந்தைகளுக்கு மாற்றுச் சட்டை கட்டாயம். நல்ல செருப்பு வேண்டாம், சேறு விடாது. அன்றைய ஆட்டம் எங்கே என்று வங்காளிப் பத்திரிகையில் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய கிளப்புகள் மோதும் நாளில் சிறு குழந்தைகளை அழைத்துப் போக வேண்டாம்.

எங்கள் வீட்டில் தடை நீங்கிவிட்டது. "அடுத்த ஆட்டம் எப்போ?" என்று இப்போது கேட்பது பேரன் அல்ல, அவன் ஆச்சி.