க்விஸ் நைட்டுக்குப் போறீங்களா? ‘எல்லாருக்கும் தெரிஞ்ச’ இந்தப் பதில்களை எழுதிடாதீங்க!

வெள்ளிக்கிழமை இரவு. ஆபீஸ் முடிந்து நான்கு பேர் ஒரு டீமாகச் சேர்ந்து க்விஸ் நைட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள். போனையெல்லாம் மேஜை நடுவில் கவிழ்த்து வைத்தாச்சு. க்விஸ் மாஸ்டர் மைக்கில் கேட்கிறார்: “இந்தியாவின் தேசிய விளையாட்டு எது?”

‘இதெல்லாம் ஒரு கேள்வியா?’ என்று சிரித்துக்கொண்டே ‘ஹாக்கி’ என்று எழுதுகிறீர்கள். பக்கத்து டீமும் அதையேதான் எழுதியிருக்கிறது. பதில் சொல்லும் நேரம் வருகிறது. “அப்படி ஒன்று கிடையாது” என்கிறார் அவர்.

உடனே சத்தம் கிளம்பும். “சின்ன வயசுல ஸ்கூல்லயே படிச்சோமே சார்!” என்று நாலு பேர் எழுந்திருப்பார்கள். ஆனால் க்விஸ் மாஸ்டர் சொன்னதுதான் சரி. 2012-ல் பள்ளி மாணவி ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இதைக் கேட்டார். எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று மத்திய விளையாட்டுத் துறை அமைச்சகமே பதில் கொடுத்துவிட்டது.

‘பொது அறிவு’ என்று நாம் சேர்த்து வைத்திருப்பதில் நிறைய விஷயங்கள் இப்படித்தான். யாரோ சொன்னார்கள், நாமும் நம்பினோம். ஜாலிக்கு நடக்கும் க்விஸ்ஸில் போனால் ஒரு பாயின்ட். இதே கேள்வி வேலைக்கான தேர்வில் வந்தால்? அதனால் எந்தெந்த இடத்தில் வழுக்கும் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

முதல்ல, இந்த ‘பப் க்விஸ்’ எங்கிருந்து வந்தது?

பிரிட்டனில் இருந்து. 1970-களில் கூட்டம் குறைவாக இருக்கும் இரவுகளில் பப்புக்கு ஆட்களை வரவைக்க, டீம் டீமாகப் பிரித்து க்விஸ் நடத்தும் வழக்கம் அங்கே பரவியது. நுழைவுக் கட்டணம் கொஞ்சம், பரிசு கொஞ்சம், வாக்குவாதம் நிறைய!

இந்தியாவில் க்விஸ் அதற்கும் முன்பே வந்துவிட்டது. 1967-ல் கொல்கத்தாவில் ஒரு தேவாலய அரங்கில் நீல் ஓ’பிரையன் நடத்திய போட்டியைத்தான் நாட்டின் முதல் பொது க்விஸ் என்று சொல்வார்கள். சென்னையிலும் ஆகஸ்ட் 15 என்றாலே லேண்ட்மார்க் க்விஸ் என்று ஒரு கூட்டம் கிளம்பிய காலம் உண்டு. இப்போது கஃபே, ஆபீஸ் கேன்டீன், அபார்ட்மென்ட் மொட்டை மாடி என்று எல்லா இடத்திலும் நடக்கிறது.

எல்லாருக்கும் தெரியும்... ஆனா தப்பு!

ஹாக்கிக்கு அடுத்து அதிகம் பேர் வழுக்கி விழும் கேள்வி, “இந்தியாவின் தேசிய மொழி எது?” என்பது. அரசியல் சாசனத்தில் தேசிய மொழி என்றே ஒன்று இல்லை. 343-வது பிரிவு இந்தியை மத்திய அரசின் ‘அலுவல் மொழி’ என்றுதான் சொல்கிறது. ஆங்கிலமும் கூடவே தொடர்கிறது. எட்டாவது அட்டவணையில் தமிழ் உட்பட 22 மொழிகள் உள்ளன. ‘தேசிய’, ‘அலுவல்’ - இந்த ஒரு வார்த்தை வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது சீனப் பெருஞ்சுவர். “நிலாவில் இருந்து பார்த்தால் தெரியும் ஒரே கட்டுமானம்” என்று படித்திருப்போம். நிலா இருப்பது சுமார் 3.84 லட்சம் கி.மீ. தூரத்தில். சுவரின் அகலமோ சில மீட்டர்தான். அவ்வளவு தூரத்தில் இருந்து அது கண்ணுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. 2003-ல் விண்வெளிக்குப் போன முதல் சீன வீரர் யாங் லிவேய், பூமியைச் சுற்றி வந்தபோதே சுவர் தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்.

ஒரு வார்த்தையை விட்டா பதிலே மாறும்

“உலகின் மிக உயரமான மலை எது?” எவரெஸ்ட்தான். ஆனால் எங்கிருந்து அளப்பது?

கடல் மட்டத்தில் இருந்து என்றால் எவரெஸ்ட், 8,848.86 மீட்டர். அடிவாரத்தில் இருந்து உச்சி வரை என்றால் ஹவாய் தீவின் மவுனா கியா முந்திவிடும். அதன் பெரும்பகுதி கடலுக்குள் மூழ்கியிருக்கிறது. கடலடியில் இருந்து அளந்தால் 9,000 மீட்டரைத் தாண்டும். பூமியின் மையத்தில் இருந்து அளந்தால் ஈக்வடார் நாட்டின் சிம்போராசோ. பூமி நடுவில் கொஞ்சம் உப்பலாக இருப்பதால், பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மலைக்கு அந்த யோகம்.

“மிகப் பெரிய பாலைவனம் எது?” என்பதும் இதே ரகம். சஹாரா என்று எழுதினால் தப்பு. மழையோ பனியோ மிகக் குறைவாகப் பெய்யும் இடம்தான் பாலைவனம். அந்தக் கணக்கில் முதலிடம் அண்டார்டிகாவுக்கு. ‘வெப்பப் பாலைவனம்’ என்று கேட்டால் மட்டுமே சஹாரா. நீங்கள் கேள்வி தயாரிப்பவராக இருந்தால் அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்துவிடுங்கள், பாதி சண்டை குறையும்.

பதிலுக்கும் எக்ஸ்பைரி டேட் உண்டு

பால் பாக்கெட் மாதிரிதான். நேற்று சரியாக இருந்த பதில் இன்று கெட்டுப்போயிருக்கலாம்.

தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டங்கள்? ரொம்ப நாள் 32 என்று மனப்பாடம் செய்தோம். 2019-ல் ஐந்து புது மாவட்டங்கள், பிறகு 2020-ல் மயிலாடுதுறை. இப்போது 38.

சனி கிரகத்துக்கு எத்தனை துணைக்கோள்கள்? 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 புதிதாகச் சேர்ந்து, கணக்கு 274 ஆனது.

இந்தியக் கடற்கரையின் நீளம்? பாடப்புத்தகத்தில் 7,516.6 கி.மீ. மத்திய அரசின் புதிய கணக்கில் 11,098.8 கி.மீ. நாடு வளர்ந்துவிடவில்லை, அளவுகோல் மாறியது. பழைய கணக்கு 1970-களில் நுணுக்கம் குறைந்த வரைபடத்தை வைத்துப் போட்டது. இப்போது நுணுக்கமான வரைபடத்தில் ஒவ்வொரு வளைவையும் கழிமுகத்தையும் சேர்த்து அளந்திருக்கிறார்கள். சின்ன ஸ்கேலில் அளக்க அளக்கக் கடற்கரை நீண்டுகொண்டே போகும்!

இன்னொன்று, இணையத்தில் இன்னமும் சுற்றுகிறது: “தனிம அட்டவணையில் இடம்பெறாத ஒரே ஆங்கில எழுத்து எது?” பதில் ‘ஜே’ என்று போட்டிருப்பார்கள். 114-வது தனிமத்துக்கு ‘உனுன்குவாடியம்’ என்று தற்காலிகப் பெயர் இருந்தவரை அது சரி. அந்தப் பெயரில் ‘க்யூ’ இருந்தது. 2012-ல் அதற்கு ‘ஃபிளெரோவியம்’ என்று நிரந்தரப் பெயர் வைத்ததும் ‘க்யூ’வும் காணாமல் போனது. இப்போது இல்லாத எழுத்துகள் இரண்டு.

நீதிமன்றம் வரை போன ஒரு க்விஸ் பதில்

தப்பான பதில் எப்படிப் பரவுகிறது என்பதற்கு ஒரு சுவாரசியமான உதாரணம் உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘கொலம்போ’ என்று பிரபலமான துப்பறியும் தொடர். ஹீரோவின் முதல் பெயரைத் தொடரில் யாரும் சொன்னதே இல்லை. 1970-களில் பொது அறிவுக் களஞ்சியம் ஒன்றை எழுதிய ஃபிரெட் வொர்த், ‘பிலிப் கொலம்போ’ என்று ஒரு பொய்த் தகவலை வேண்டுமென்றே உள்ளே வைத்தார். யாராவது காப்பி அடித்தால் பிடித்துவிடலாமே!

அவர் எதிர்பார்த்த மாதிரியே, ‘ட்ரிவியல் பர்சூட்’ என்ற புகழ்பெற்ற க்விஸ் விளையாட்டின் அட்டை ஒன்றில் ‘பிலிப்’ வந்து உட்கார்ந்தது. 1984-ல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார் வொர்த். அவர் புத்தகத்தையும் பயன்படுத்தினோம் என்று எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டது. ஆனாலும் வொர்த் தோற்றார். தகவல்களுக்கு யாரும் காப்புரிமை கொண்டாட முடியாது என்பதுதான் நீதிமன்றத்தின் நிலைப்பாடு.

நமக்கு இதில் பாடம் வேறு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்காமல் எடுத்தால், இல்லாத ஆளுக்கு இல்லாத பெயர்கூட ‘பொது அறிவு’ ஆகிவிடும். வாட்ஸ்அப் ஃபார்வர்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஏஐ-யிடம் “50 க்விஸ் கேள்வி கொடு” என்று கேட்டு, வந்ததை அப்படியே வாசிப்பதிலும் இதே ஆபத்து இருக்கிறது.

க்விஸ் மாஸ்டரே தோற்ற கதை

பிரிட்டனின் ‘ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்’ நிகழ்ச்சியிலேயே சறுக்கல் நடந்திருக்கிறது. 1999-ல் கேட்ட கேள்வி: ஒரு டென்னிஸ் வீரர் ஒரு செட்டை ஜெயிக்க, குறைந்தது எத்தனை முறை பந்தை அடிக்க வேண்டும்? போட்டியாளர் 24 என்றார். ‘சரி’ என்று அறிவித்துவிட்டார்கள்.

ஆறு கேம், கேமுக்கு நான்கு பாயின்ட், ஆக 24. ஆனால் அதில் மூன்று கேமில் சர்வ் போடுவது எதிராளி. அவர் தொடர்ந்து டபுள் ஃபால்ட் செய்தால், நம் ஆள் ராக்கெட்டைத் தூக்காமலேயே அந்தப் பாயின்ட்களைப் பெறுவார். சரியான பதில் 12. தவறு நிகழ்ச்சியினருடையது என்பதால் பரிசுப் பணத்தைப் போட்டியாளரே வைத்துக்கொண்டார்.

கேள்வி எடுப்பவரா நீங்கள்?

இந்த நான்கையும் பாருங்கள்:

• பதில் ஒன்றுதானா? ‘கடல் மட்டத்தில் இருந்து’ போன்ற எல்லையைக் கேள்வியிலேயே சொல்லுங்கள்.

• மாறக்கூடிய எண்ணா? ‘2025 நிலவரப்படி’ என்று சேருங்கள்.

• ‘முதல்’, ‘ஒரே’, ‘மிகப் பெரிய’ என்ற வார்த்தை வந்தால் கூடுதலாக ஒருமுறை சரிபாருங்கள்.

• முடிந்தவரை மூலத்துக்கே போங்கள். சட்டம் என்றால் சட்டப் பிரிவு, மாவட்டம் என்றால் அரசு இணையதளம்.

அப்படியே எடுத்துக்கொள்ள ஐந்து கேள்விகள்

1. சித்தப்பாவுக்கு 1930-ல் இயற்பியல் நோபல், அண்ணன் மகனுக்கு 1983-ல் அதே நோபல். யார் யார்? - சி.வி.ராமன், எஸ்.சந்திரசேகர்.

2. செவ்வகமாகவோ சதுரமாகவோ இல்லாத தேசியக் கொடி எந்த நாட்டுடையது? - நேபாளம்.

3. ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்? - மூன்று.

4. ஆங்கிலத்தின் ‘கேட்டமரான்’ எந்தத் தமிழ்ச் சொல்லில் இருந்து போனது? - கட்டுமரம்.

5. டை பிரேக்கர்: 2022-ல் புது ஆன்டெனா பொருத்திய பிறகு ஈஃபில் டவரின் உயரம் எத்தனை மீட்டர்? - 330. பக்கத்தில் வருபவருக்கு வெற்றி.

கடைசியாக ஒன்று

டிஎன்பிஎஸ்சி போன்ற தேர்வுகளில் முதலில் தற்காலிக விடைக்குறிப்பு வெளியிடுகிறார்கள். ஒரு விடை தவறு என்று தோன்றினால், குறிப்பிட்ட நாட்களுக்குள் ஆதாரத்துடன் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஒரு மதிப்பெண்ணில் ரேங்க் இறங்கும் இடம் அது. அங்கே “சின்ன வயசுல படிச்சேன்” என்பது எடுபடாது, எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று காட்ட வேண்டும்.

க்விஸ் நைட்டில் பக்கத்து டீமோடு போடும் சண்டையை அதற்கான பயிற்சியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் போனை மட்டும், க்விஸ் முடிஞ்ச பிறகு எடுங்க!