அதிகாலை மூன்று மணிக்குப் பஞ்சர் கடை திறந்திருக்குமா? உப்புக்காற்று ஊரில் பைக் சக்கரத்தை நீங்களே கழற்றி, டயர் மாற்றுவது எப்படி?

நமக்கு நடுராத்திரி என்பது தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிக்கு வேலைக்குக் கிளம்பும் நேரம். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது. அதனால் இரண்டு, மூன்று மணிக்கெல்லாம் வண்டி கிளம்பிவிடும். மீன் ஏலத்துக்குப் போகிறவர்களும் அப்படித்தான். டிவிஎஸ் எக்ஸ்எல் பின்னால் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஊர் எழுந்திருக்கும் முன்பே கடற்கரையில் இருந்தாக வேண்டும். அந்த நேரத்தில் வேப்பலோடைப் பக்கமோ முள்ளக்காட்டுப் பக்கமோ பின் டயர் தரையோடு உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? பஞ்சர் கடைக்காரர் வந்து ஷட்டரைத் தூக்குவதற்குள் ஏலம் முடிந்திருக்கும். அன்றைய கூலி போனது போனதுதான்.

இந்தக் கரையில் டயருக்கு எதிரிகள் அதிகம். உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் காலில் போட்ட செருப்பையே துளைத்து ஏறும், டயர் எம்மாத்திரம்? துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் சிந்திவிட்டுப் போகும் இரும்புத் துண்டுகள் வேறு. இதற்கெல்லாம் மேலே ஒரு பெரிய எதிரி இருக்கிறது. அதுதான் உப்புக்காற்று. முள் டயரைத்தான் குத்தும். உப்போ, அந்தச் சக்கரத்தைக் கழற்றவே முடியாதபடி பூட்டிப்போட்டுவிடும்.

உப்பு பூட்டிய பூட்டு

இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்து உப்பு அதிகம் விளைவது தமிழ்நாட்டில்தான். அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்துடையது. அந்த உப்பின் ஒரு துளி நம் வண்டியிலும் தினமும் படிகிறது. உப்புக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் உண்டு. மழையே பெய்யாத மே மாதத்திலும் உங்கள் பைக்கின் நட்டு போல்ட்டுகள் மெல்லிய உப்புத் தண்ணீரில் நனைந்தபடியேதான் இருக்கின்றன.

சக்கரத்தின் நடுவே போகும் ஆக்ஸில் கம்பி எஃகு. அதைச் சுற்றியிருக்கும் ஹப் பெரும்பாலும் அலுமினியம். இரண்டு வேறு உலோகங்கள், நடுவில் உப்புத் தண்ணீர். பள்ளிக்கூடத்தில் எலுமிச்சம்பழத்தில் செம்புத் தகடும் துத்தநாகத் தகடும் செருகி மின்சாரம் எடுத்தது ஞாபகம் இருக்கிறதா? அதேதான் இங்கேயும் நடக்கிறது. ஒரு உலோகம் இன்னொன்றுக்காகக் கரைகிறது. போதாக்குறைக்குத் துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும். அது வீங்கி இடைவெளியை அடைத்துவிட, ஆக்ஸில் ஹப்போடு ஒட்டிக்கொள்கிறது.

இப்படி இறுகிய ஆக்ஸிலைச் சுத்தியலால் ஓங்கி அடிப்பதுதான் எல்லோரும் செய்வது. அடித்தால் மரையின் முனை காளான் மாதிரி விரிந்துவிடும். அதற்குப் பிறகு ஆக்ஸில் எந்தப் பக்கமும் வராது. துரு இளக்கும் ஸ்ப்ரேயை இரண்டு பக்கமும் அடித்துவிட்டு, போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். இன்னும் நல்லது, முதல் நாள் ராத்திரியே அடித்து வைப்பது. பிறகு ஆக்ஸிலின் தலையில் ஸ்பேனரைப் போட்டு முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். திரும்ப ஆரம்பித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தட்டித்தான் ஆக வேண்டும் என்றால், நட்டை முழுசாகக் கழற்றாமல் மரையின் முனையோடு சமமாக நிறுத்தி, மேலே மரக்கட்டையை வைத்துத் தட்டுங்கள். அடி நட்டுக்குப் போகும், மரை பிழைக்கும்.

ஒருமுறை வெளியே வந்த ஆக்ஸிலைத் துருவைத் தேய்த்துச் சுத்தம் செய்து, லேசாக கிரீஸ் பூசித் திருப்பிப் போட்டால் அடுத்த முறை இந்தப் போராட்டம் இருக்காது. கடற்கரை ஊர்க்காரர்கள் பஞ்சர் ஆனாலும் ஆகாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை இதைச் செய்துவிடுவது நல்லது. விசைப்படகு வைத்திருப்பவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் இதற்குத் தோதான நேரம். படகுக்கு வேலை பார்க்கும்போது வண்டிக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாமே!

முதலில் கைக்கு என்னென்ன வேண்டும்?

உங்கள் ஆக்ஸில் நட்டுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர் (வண்டியோடு கொடுத்த டூல் கிட்டில் இருப்பது துருப்பிடித்த நட்டுக்குப் பெரும்பாலும் போதாது), கட்டிங் பிளேயர், இரண்டு டயர் லிவர், வால்வு பின்னைத் திருகும் சின்னச் சாவி, காற்றடிக்கும் பம்ப், ஒரு புது ட்யூப், கொஞ்சம் சோப்புத் தண்ணீர். டயர் லிவருக்குப் பதில் ஸ்க்ரூ டிரைவர் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதன் கூர்முனை புது ட்யூபில் புதுப் பஞ்சரைப் போட்டுவிடும்.

இன்னொரு ஆளும் வேண்டும். சங்கு குளிப்பவர் கடலுக்குள் இறங்கும்போது கயிற்றைப் பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார் என்று இந்தக் கரையில் ஒரு பேச்சு உண்டு. தங்கை தாலி விஷயம், கவனமாக இருப்பார் அல்லவா? தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பே நடக்கவில்லை என்றாலும், அந்தப் பேச்சு இன்னும் இருக்கிறது. சக்கரம் கழற்றும்போதும் வண்டியைப் பிடிக்க நம்பகமான ஒருவர் இருப்பது உடம்புக்கு நல்லது.

பின் சக்கரம்

பஞ்சராவது பெரும்பாலும் பின் டயர்தான். முன் டயர் எழுப்பிவிடும் ஆணி, பின் டயரில் குத்தும் என்பார்கள். 100, 125 சிசி வண்டிகளில் இருக்கும் டிரம் பிரேக் மாடலை வைத்தே சொல்கிறேன்.

கெட்டியான தரையில் சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். மணலாக இருந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பலகை. எதையும் தொடுவதற்கு முன் செல்போனில் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வாஷர் எங்கே இருந்தது, செயின் அட்ஜஸ்டர் எந்தக் கோட்டில் நின்றது என்பதெல்லாம் மாட்டும்போது அந்தப் போட்டோதான் சொல்லும்.

பிரேக் ராடின் முனையில் இருக்கும் நட்டைக் கழற்றி ராடை விடுவியுங்கள். ஸ்ப்ரிங்கையும் சின்ன உருளைப் பின்னையும் உடனே ராடிலேயே மாட்டி வையுங்கள். மணலில் விழுந்தால் கிடைக்காது. அடுத்து, பிரேக் பிளேட்டைச் சுற்றாமல் பிடித்திருக்கும் கம்பி. அதன் போல்ட்டில் ஒரு ஸ்ப்ளிட் பின் இருந்தால், அதை நிமிர்த்தி உருவ வேண்டும். இந்தப் பின்னை மறக்காதீர்கள், கடைசியில் இதைப் பற்றி மறுபடியும் பேசப்போகிறோம்.

இப்போது ஆக்ஸில் நட்டு. சில வண்டிகளில் செயின் பக்கம் இரண்டு நட்டுகள் இருக்கும். பெரியது பல்சக்கரத்தைச் சட்டத்தோடு பிடித்திருப்பது. அதைத் தொடத் தேவையில்லை. வெளியே இருக்கும் சின்ன நட்டைக் கழற்றி ஆக்ஸிலை உருவினால் போதும். செயினும் பல்சக்கரமும் இருந்த இடத்திலேயே இருக்க, சக்கரம் மட்டும் தனியாக வரும். அப்படி இல்லாத வண்டிகளில் செயின் அட்ஜஸ்டரைத் தளர்த்தி, சக்கரத்தை முன்னால் தள்ளி, செயினைப் பல்சக்கரத்திலிருந்து இறக்க வேண்டும். ஆக்ஸிலை உருவும்போது டயருக்கு அடியில் பாதத்தைக் கொடுத்து லேசாகத் தூக்குங்கள். எடை குறைந்தால் வழுக்கிக்கொண்டு வரும். ஸ்பேசர் கீழே விழும், எந்தப் பக்கத்துடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வண்டியை உதவியாளர் லேசாகச் சாய்த்துப் பிடிக்க, சக்கரம் வெளியே.

பிரேக் டிரம்மில் இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

முன் சக்கரம் இதைவிடச் சுலபம். என்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன்பக்கத்தை உயர்த்த வேண்டும். டிஸ்க் பிரேக் என்றால் ஒரே எச்சரிக்கை: சக்கரம் வெளியே இருக்கும்போது யாரும் பிரேக் லிவரைப் பிடித்துவிடக் கூடாது. பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் குழந்தைகள் விளையாடினால், பேடுகளுக்கு நடுவே ஒரு அட்டைத் துண்டைச் செருகிவிடுங்கள். ஏபிஎஸ் சென்சார் இருக்கும் சக்கரத்தில் கைவைக்க நான் சொல்ல மாட்டேன்.

பள்ளத்தில்தான் சூட்சுமம்

டயரைக் கழற்றப் பலம் வேண்டும் என்று நினைக்கிறோம். பஞ்சர் கடையில் ஒல்லியான பையன் இரண்டே நிமிடத்தில் கழற்றுகிறானே, எப்படி? ரிம்மை வெட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு பள்ளம் தெரியும். டயரின் விளிம்புக்குள்ளே இருப்பது எஃகுக் கம்பி, அது நீளாது. ஆனால், ஒரு பக்கத்து விளிம்பை அந்தப் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டால், எதிர்ப்பக்கம் அந்த அளவுக்குத் தளர்ச்சி கிடைக்கும். சூட்சுமம் முழுக்க அவ்வளவுதான்.

வால்வு பின்னைத் திருகி எடுத்துக் காற்றை முழுசாக வெளியேற்றுங்கள். டயரின் இரண்டு விளிம்புகளையும் சுற்றிலும் மிதித்து ரிம்மிலிருந்து பிரியுங்கள். வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கத்தை முழங்காலால் அழுத்திப் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டு, வால்வுப் பக்கத்தில் லிவரைப் போட்டு நெம்புங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று நான்கு விரல் அகலத்துக்கு மட்டும். சிக்கினால் பலத்தைக் கூட்டாதீர்கள். எதிர்ப்பக்கம் பள்ளத்தைவிட்டு மேலே ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

ட்யூபை உருவிய பிறகு, டயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றிலும் துடையுங்கள். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே முள் இருக்கிறது. விரலால் தடவினால் விரலில் ஏறும். உடைமுள் வெளியே முறிந்து, உள்ளே நுனி மட்டும் நிற்கும். அதை எடுக்காமல் புது ட்யூப் போட்டால், அடுத்த தெருவில் மறுபடியும் பஞ்சர். ஸ்போக்ஸ் சக்கரம் என்றால் ரிம்மைச் சுற்றிய ரப்பர் பட்டையையும் விலக்கிப் பாருங்கள். உப்பு அங்கே ஸ்போக்ஸ் முனைகளைத் தின்றிருக்கும். துருவைத் தேய்த்து எடுத்துவிட்டுப் பட்டையைப் புதிதாகப் போடுங்கள்.

டயரையே மாற்றுவதென்றால் பக்கவாட்டில் இருக்கும் அம்புக்குறியைப் பாருங்கள். அது வண்டி முன்னால் போகும்போது சக்கரம் சுழலும் திசை. நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு தயாரான வாரம், அடுத்த இரண்டு வருடம். 1224 என்றால் 2024-ம் ஆண்டின் 12-வது வாரம். கடைக்காரரிடம் இதைப் பார்த்துக் கேட்டு வாங்குவதில் தப்பே இல்லை.

மாட்டும்போது ட்யூபில் கொஞ்சம் காற்றடித்து வடிவத்துக்குக் கொண்டுவந்து உள்ளே வையுங்கள். இப்போது வரிசை தலைகீழ்: வால்வுக்கு எதிர்ப்பக்கம் ஆரம்பித்து, வால்வுப் பக்கம் முடிக்க வேண்டும். கடைசி ஒரு சாண் இறுகும். சோப்புத் தண்ணீரைத் தடவி, கையாலும் முழங்காலாலும் அழுத்தி ஏற்றப் பாருங்கள். புது ட்யூப் கிழிவது பெரும்பாலும் இந்தக் கடைசி ஒரு சாணில் லிவர் போடும்போதுதான். வால்வு நேராக நிற்கிறதா, டயரின் பக்கவாட்டில் ஓடும் மெல்லிய கோடு ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்றடியுங்கள்.

ட்யூப்லெஸ் டயருக்கு இதெல்லாம் பொருந்தாது. அதன் விளிம்பை ரிம்மில் உட்கார வைக்க ஒரே மூச்சில் வேகமான காற்று வேண்டும். கைப்பம்பால் அடித்து அடித்துத் தோள்பட்டைதான் வலிக்கும். அதைக் கடைக்கே கொண்டு போங்கள். சக்கரத்தை மட்டும் கழற்றி ஆட்டோவில் எடுத்துப்போனாலே பெரிய மிச்சம்தான். ஆணியே இல்லாமல் ட்யூப்லெஸ்ஸில் தினமும் காற்று இறங்கினால், டயரைக் குறை சொல்லாதீர்கள். அலாய் ரிம்மின் விளிம்பில் உப்பு பூத்து, டயர் உட்காரும் இடம் சொரசொரப்பாகியிருக்கலாம். டயரைக் கழற்றி அந்த விளிம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

நம் அப்பாக்களுக்கு இந்தக் கவலை குறைவு. பழைய பஜாஜ் சேத்தக்கில் ஸ்டெப்னி இருந்தது. நட்டுகளைக் கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது. அந்த ‘ஸ்டெப்னி’ என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒன்று உண்டு. 1904-ல் அங்கேதான் மாற்றுச் சக்கரம் செய்யும் தொழில் தொடங்கியது. தெருவின் பெயர் சக்கரத்துக்கு வந்து, அங்கிருந்து தூத்துக்குடி வரை உருண்டு வந்திருக்கிறது.

கிளம்புவதற்கு முன்

கழற்றிய வரிசைக்குத் தலைகீழாக மாட்டுங்கள். செயின் அட்ஜஸ்டர் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சக்கரம் கோணலாக ஓடி, டயரைத் தின்னும். செயின் எவ்வளவு தளர்ச்சியாக இருக்கலாம் என்பது மேனுவலில் இருக்கிறது. ஆக்ஸில் நட்டை இறுக்கிய பிறகும் ஒருமுறை அளந்து பாருங்கள், இறுக்கும்போது மாறியிருக்கும்.

அந்த ஸ்ப்ளிட் பின்னுக்கு வருவோம். பழையதையே நிமிர்த்தி மறுபடி போடாதீர்கள். உப்பில் ஊறிய பின் இரண்டாவது முறை வளைக்கும்போது முறியும். பிரேக் பிளேட்டைப் பிடித்திருக்கும் கம்பி கழன்றால், பிரேக் பிடித்த கணத்தில் பிளேட் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றி, ராடை முறித்து, சக்கரத்தையே நிறுத்திவிடலாம். பின்னால் கன்டெய்னர் லாரி வரும் சாலையில் இதை யோசித்துப் பாருங்கள். புதுப் பின்னின் விலை, நீங்கள் குடித்த டீயைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

சக்கரத்தைக் கையால் சுழற்றி, உரசல் இல்லாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். பிரேக்கை நின்ற இடத்திலேயே நாலைந்து முறை அழுத்துங்கள். டிஸ்க் பிரேக் முதல் அழுத்தத்தில் பிடிக்காமல் போகலாம், பேட் மறுபடியும் தன் இடத்துக்கு வர வேண்டும். தெருவுக்குள் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து எல்லா நட்டையும் மறுபடி ஒருமுறை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். புது டயரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். முதல் நூறு கிலோமீட்டருக்கு வளைவுகளில் சாய்க்காதீர்கள்; திருச்செந்தூர் போகிற அவசரமாக இருந்தாலும் சரி.

மாற்றிய பழைய டயரை மொட்டை மாடியில் போட்டு வைக்கும் பழக்கம் நம் எல்லோரிடமும் உண்டு. ஐப்பசி மழையில் அதற்குள் ஒரு டம்ளர் தண்ணீர் தேங்கினால், டெங்கு கொசுவுக்கு அதுவே போதும். எரித்தாலும் புகை அக்கம்பக்கத்தையே மூச்சு முட்ட வைக்கும். பஞ்சர் கடையிலேயே கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.